நைட் போஸ்டிங் பத்தி பிரின்சிபால் மேடத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேடம்,

போன வாரம் வார்டுல நைட் போஸ்டிங் முடிச்ச நர்சிங் ஸ்டூடண்ட்ஸ் எங்களை அதே யூனிஃபார்மோட செமினார் ஹாலுக்கு வரச்சொல்லி "ஆன்மிக நுண்ணறிவும் பொறுப்புணர்வும்"னு ஒரு வொர்க்‌ஷாப்ல உக்கார வெச்சீங்க, வராதவங்களுக்கு ஃபைன் வேற. ஆன்மிக நுண்ணறிவுன்னா வாழ்க்கையோட அர்த்தத்தைப் புரிஞ்சு நடக்கற அறிவாம், அதை அளக்க ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, 'என் வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் இருப்பதாக உணர்கிறேன்'னு இருக்கும், ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள மார்க் போடணும். பாதிப் பேர் தூக்கக் கலக்கத்துல எல்லாத்துக்கும் மூணு போட்டோம், அதை வெச்சு யாராச்சும் ஆராய்ச்சிப் பேப்பர் போட்டா தயவுசெஞ்சு நம்பாதீங்க.

அதுக்கு முந்தின ராத்திரி ஃபீமேல் மெடிக்கல் வார்டுல நடந்தது உங்களுக்கே தெரியும். இருந்த ஒரே டூட்டி சிஸ்டர் ஒரு பேஷண்ட்டை ஐசியூவுக்கு ஷிஃப்ட் பண்ணப் போயிட்டாங்க, வார்டுல எங்க பேட்ச் பொண்ணு ஒருத்தி மட்டும்தான். ஒரு பாட்டிக்கு சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்சிஜன் அளவு, இறங்குது, ஆக்சிஜனை ஏத்துறா, டியூட்டி டாக்டருக்கு திரும்பத் திரும்ப போன் அடிக்கிறா, அவர் வர்றதுக்குள்ள பாட்டி போயிட்டாங்க. "நீ என்னம்மா பாத்துட்டு நின்ன"ன்னு அவங்க மக கேட்டதுக்கு இவ என்ன பதில் சொல்லுவா? அப்புறம் ட்யூபெல்லாம் எடுத்து, உடம்பு துடைச்சு, சார்ட் முடிச்சு, ஹேண்ட் ஓவர் குடுத்துட்டு நேரா வொர்க்‌ஷாப்புக்கு வந்தா. சாப்டியான்னு ஒருத்தர் கேக்கல. கேட்டது ஒண்ணுதான், ஆறு மணி டெம்பரேச்சர் ஏன் எழுதலன்னு.

நாங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணு மேடம். நைட் போஸ்டிங்ல ஒரு கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர், வார்டுல நின்னு சொல்லிக்குடுக்குற டீச்சர், எங்க கூட இருக்கணும். பத்து ஸ்டூடண்ட்டுக்கு ஒரு டீச்சர்னு நர்சிங் கவுன்சில் சொல்ற கணக்கு இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு மட்டும் சரியா இருக்கு, ராத்திரி பத்து மணிக்கு மேல அந்த டீச்சரெல்லாம் எங்க போறாங்கன்னு தெரியல.

அந்த வொர்க்ஷாப் ஸ்பீக்கர் டானா ஜோஹர்ங்கற எழுத்தாளர் பேரைச் சொன்னாரு, ஆன்மிக நுண்ணறிவுங்கற பேச்சை 1997ல கொண்டுவந்தவங்க அவங்கதான். ஆனா அதை கம்பெனி நிர்வாகம் பத்தி எழுதும்போது கொண்டுவந்தாங்கன்னு சொல்லல. 'ஏன்'னு கேக்குறதும், கூட்டத்துக்கு எதிரா நின்னாலும் தன் கருத்துல உறுதியா இருக்கறதும் அந்த நுண்ணறிவோட அடையாளம்னு அவங்க எழுதினதையும் சொல்லல. போன வருஷம் சீனியர்ஸ் 'ஏன்'னு கேட்டு மெமோ வாங்கினாங்களே, அவங்களுக்கு இதுல அஞ்சுக்கு அஞ்சு போடலாம்.

நர்சிங் பிள்ளைங்க மேடையில விளக்கேத்தி உறுதிமொழி எடுக்கற லாம்ப் லைட்டிங் அன்னைக்கு, நர்சிங்குக்கு முன்னோடியான ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் பேர்ல உறுதிமொழி எடுக்க வெச்சீங்க. அது 1893ல அமெரிக்காவுல டெட்ராய்ட்ல எழுதினது, நைட்டிங்கேல் எழுதினது இல்ல, சரி அது கிடக்கட்டும். ஆனா அந்தம்மா ராத்திரியில விளக்கோட வார்டு ரவுண்ட்ஸ் போனவங்க. நம்ம காலேஜ்ல விளக்கு மேடையோட நின்னுடுது.

பொறுப்பு வேணாம்னு நாங்க சொல்லல. கத்துக்க வந்த பிள்ளைகளை ஸ்டாஃப் பற்றாக்குறைக்கு நிரப்பிட்டு அதுக்குப் பொறுப்புணர்வுன்னு பேர் வைக்காதீங்க.

கொஞ்சம் கடுமையா எழுதிட்டேன்னா மன்னிச்சிடுங்க மேடம். அடுத்த மாச ட்யூட்டி லிஸ்ட் போடும்போது நைட் ட்யூட்டி வரிசையில ஒரு இன்ஸ்ட்ரக்டர் பேரையும் சேத்துப் போடுங்க. அந்தப் பொண்ணை ஒரு நாள் உங்க ரூமுக்குக் கூப்பிட்டு பேசுங்க, மெமோ குடுக்க இல்ல, சும்மா பேச.

இப்படிக்கு,
நாலாம் வருஷ பிஎஸ்சி நர்சிங் மாணவி