ஒமேகா-3 எண்ணெய்: நீரின் அளவே முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தாவர எண்ணெயில் ஒமேகா-3 சேர்ப்பது என்றால் மீன் எண்ணெயைக் கலப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். கொழுப்பைப் பிரிக்கும் லிப்பேஸ் நொதி செய்வது வேறு. ரைசோமியூக்கர் மீஹெய் என்ற பூஞ்சையின் லிப்பேஸ், டிரைகிளிசரைடின் (மூன்று கொழுப்பு அமிலங்கள் கொண்ட எண்ணெய் மூலக்கூறின்) இரு ஓரங்களிலும் உள்ள கொழுப்பு அமிலங்களைக் கழற்றி, நாம் தரும் அமிலத்தை அங்கே பொருத்துகிறது. ஒமேகா-3 அமிலங்களில் இ.பி.ஏ. எளிதில் ஏறும், டி.எச்.ஏ. அவ்வளவு எளிதில் ஏறாது.

இந்த வினைக்கு வேண்டியது: சிறுமணிகளில் பொதித்த நொதி, மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம். வெப்பம் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ். நைட்ரஜன் சூழலில் பல மணி நேரக் கலக்கல். பெரும்பாலும் கெடுவது நீரால்தான். நீர் கூடினால் எண்ணெய் உடைந்து, ஓர் அமிலத்தை இழந்த டைகிளிசரைடுகள் பெருகும். அறவே வற்றினால் நொதி முடங்கும். வினை அளவுக்கு மீறி நீண்டால் ஓர அமிலங்கள் நடு இடத்துக்கு நகர்ந்துவிடும். பெராக்சைடு (காற்றுப்பட்டுக் கெடும்போது உண்டாகும் பொருள்) மிகுந்த பழைய எண்ணெய் நொதியையே அழிக்கும்.

மிஞ்சிய அமிலங்களை வெற்றிடத்தில் வடித்து நீக்கும்போது இயற்கையான வைட்டமின் ஈ-யும் கணிசமாகப் போய்விடுகிறது. அதை மீண்டும் சேர்க்காவிட்டால் எண்ணெய் விரைவில் சிக்கேறும். இப்படி ஒமேகா-3 ஏற்றிய எண்ணெயில் பொரிக்கவே கூடாது. இந்த எச்சரிக்கையைப் புட்டியின் முன்பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
எண்ணெய் வேதியியல் துறையினர்