டாய்லெட் இருக்கான்னு கேட்டீங்க, கதவு அகலத்த கேட்டீங்களா?

ஆசிரியருக்கு வணக்கம்,

யுனிவர்சிட்டியும் மக்களும் சேர்ந்து ஆராய்ச்சி பண்றத பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பூரா கேள்வி கேக்குறவங்க பக்கத்துல இருந்தே எழுதிருக்கு. நான் பதில் சொல்ற பக்கத்து ஆளு. வீல்சேர்ல இருக்கேன், எங்க மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்கு யாராச்சும் ஃபார்ம தூக்கிட்டு வந்துட்டேதான் இருப்பாங்க.

ஒரு தடவ வந்த ஃபார்ம்ல "வீட்டில் கழிப்பறை உள்ளதா? ஆம் / இல்லை"ன்னு இருந்துச்சு. இருக்கு, ஆம்னு டிக் பண்ணியாச்சு. ஆனா என் வீல்சேர் அந்த கதவுக்குள்ள நுழையாது, வெளியவே நிறுத்திட்டு செவத்த புடிச்சுட்டுதான் போகணும், அத எழுத ஒரு கோடு கூட இடம் இல்ல. வந்த பொண்ணுகிட்ட சொன்னேன், பாவம் அது என்ன பண்ணும், "அக்கா, எங்க கைடு புரொபசர் குடுத்த கேள்வி இது, மாத்தக்கூடாது"ன்னுச்சு. ஆக அவங்க கணக்குல நான் வசதி உள்ளவ. அந்த ரிப்போர்ட் என்னாச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அப்புறம் இன்னொரு டீம், கேள்வியே எழுதாம வந்தாங்க, எதை கேக்கணும்னு நீங்களே சொல்லுங்கன்னாங்க. முதல் ரெண்டு மீட்டிங் வெறும் சண்டைதான். கடைசில டேப்ப எடுத்துட்டு வீடு வீடா கதவ அளக்க போனோம். கூட வந்த பையன் கதவு நிலையோட ஒரு பக்க சட்டத்துல இருந்து மறுபக்க சட்டம் வரைக்கும் அளந்தான், எங்க ஆளு ஒருத்தர் "தம்பி, கதவ தொறந்து வெச்சு அளந்து பாரு, தொறந்த கதவே ஒன்ற இன்ச்ச தின்னுடும்"னாரு. வீல்சேருக்கு சுமார் 32 இன்ச் வேணும், அதுல ஒன்ற இன்ச் போனா என்னாகும்னு எங்களுக்குத்தான தெரியும்.

இது ஒண்ணும் புதுசு இல்ல சார். நெதர்லாந்துல 1970கள்லயே சயின்ஸ் ஷாப்னு ஆரம்பிச்சு, காசு இல்லாத சங்கங்க கேள்விய கொண்டு வந்தா யுனிவர்சிட்டி அத ஆராய்ச்சி பண்ணி குடுத்துச்சு. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன்னு ஒரு அமெரிக்க அம்மா 1969ல மக்கள் பங்கேற்புக்கு எட்டு படி ஏணி ஒண்ணு போட்டாங்க, அதுல சும்மா கருத்து கேக்குறது நாலாவது படி, அதுவும் பேருக்கு பண்றதுன்னுட்டாங்க, பார்ட்னர்ஷிப் ஆறாவதுலதான் வருது. இங்க நாலுல நின்னுட்டு ஆறுன்னு போர்டு மாட்டிக்கிறாங்க.

கேக்காம எடுத்தா என்னாகும்னும் பாத்தாச்சு. அமெரிக்காவுல ஹவாசுபாய் பழங்குடி மக்கள்கிட்ட 1990ல சர்க்கரை வியாதி ஆராய்ச்சின்னு ரத்தம் எடுத்துட்டு, அதையே மனநோய், அவங்க பூர்வீகம்னு வேற வேற ஆராய்ச்சிக்கும் பயன்படுத்திருக்காங்க. அந்த மக்கள் கோர்ட்டுக்கு போய், 2010ல ரத்தம் எடுத்த அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டி 7 லட்சம் டாலர் குடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பி குடுத்துச்சு.

நாங்க கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. புராஜெக்ட் பட்ஜெட்ல லேப்டாப்புக்கு காசு இருக்கு, வேலைய விட்டுட்டு கூட அலையுற எங்க ஆளுக்கும் ஒரு நாள் கூலி போடுங்க. ஆராய்ச்சி பண்ண புள்ளைக்கு பட்டம் கிடைக்குது, கைடுக்கு ஆராய்ச்சி பேப்பர் கிடைக்குது, எங்களுக்கு ஒரு குரூப் போட்டோ! அதுலயும் நாங்க ஓரத்துல. ரிப்போர்ட்ட அச்சுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி எங்க முன்னாடி உக்காந்து படிச்சு காட்டுங்க, தப்பு இருந்தா அங்கயே சொல்லிடுவோம்.

கதவு அளந்த நோட்டு எங்க சங்கத்து பீரோல இருக்கு. யார் வேணும்னாலும் வந்து பாத்து எழுதிக்கலாம், எடுத்துட்டு போக மட்டும் விடமாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி ஒருத்தி