பின்பாரம் வேண்டாம் மகளே

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று நீ அனுப்பிய, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற கேரவன் வீட்டு வண்டியின் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து அம்மா உள்ளே இருக்கிற அடுப்பையும் கட்டிலையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள், எனக்குக் கண் வண்டியின் பின்னால்தான் போனது. பின் பம்பரில் இரண்டு ஸ்டெப்னி, அதற்கும் பின்னால் பிள்ளைகளுடைய இரண்டு சைக்கிள், வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கி நிற்கிறது. 90-ஐத் தாண்டினால் வால் ஆட்டுகிற மாதிரி இருக்கிறது என்று நீ வேறு சொன்னாய். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் ஊரில் இதற்குப் பின்பாரம் என்று பேர். உன் தாத்தா சேரன்மகாதேவியிலிருந்து பேட்டைக்கு நெல் ஏற்றிப் போன காலத்தில், மூட்டை அடுக்கி முடித்ததும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். கனமே இல்லாமல் எழும்பினால் பின்பாரம், மாட்டின் கழுத்தைச் சுற்றி நுகத்தில் கட்டுகிற பூட்டாங்கயிறு இறுகி மாட்டுக்கு மூச்சு முட்டும். தூக்கவே முடியவில்லை என்றால் முன்பாரம், கழுத்து புண்ணாகும். ஒரு மூட்டையை ஒரு முழம் நகர்த்துவார், சரியாகிவிடும். ஏற்றத்தில் முன்னால் நகர்ந்து உட்காருவார், இறக்கத்தில் பின்னால் போவார். உன் காரின் கொக்கியில் உட்காருகிற கனமும் இதே கணக்குதான்.

உங்கள் ஆஸ்திரேலியாவில் சாமானோடு சேர்ந்த கேரவன் எடையில் ஏறக்குறைய 10 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பார்கள். 2,200 கிலோ என்றால் 220 கிலோ. இங்கிலாந்தில் 5 முதல் 7 வரை போதும் என்பார்கள், அங்கத்து வண்டிகளின் அமைப்பு வேறு, நீ உன் வண்டிப் புத்தகத்தில் போட்டிருப்பதையே பிடித்துக்கொள். ஆனால் காரும் கொக்கியும் தாங்கும் அளவு என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காரின் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடி விட்டுப்போகும்.

கேரவனின் தகட்டில் டேர், அதாவது சாமான் இல்லாத வெறும் எடை, 1,800 கிலோ; ஏடிஎம், அதாவது சாமானோடு சேர்ந்து இருக்கக்கூடிய அதிகபட்ச எடை, 2,300 கிலோ என்று இருந்தது. அப்படியென்றால் நீ ஏற்றக்கூடியது 500 கிலோதான் அம்மா. 95 லிட்டர் தொட்டி இரண்டும் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 190 கிலோ. அந்தத் தொட்டிகள் அச்சுக்கு முன்னால் இருக்கின்றனவா பின்னால் இருக்கின்றனவா என்று குனிந்து பார். முன்தொட்டி வழியில் காலியானால், கிளம்பும்போது சரியாக இருந்த வண்டி சாயங்காலம் பின்பாரமாகிவிடும்.

எனக்கே அப்படி நடந்தது. களக்காட்டில் ஒரு வீட்டு வேலைக்கு இரண்டு சக்கர டிரெய்லரில் சிமெண்ட் மூட்டை கொண்டுபோனேன். வாசலுக்குப் பக்கம் என்று முன்வரிசையை முதலில் இறக்கிவிட்டார்கள், நானும் கவனிக்காமல் கொக்கியின் பூட்டுக்கம்பியை உருவினேன். டிரெய்லரின் முன்கம்பி சடாரென்று மேலே எழும்பியது. கூட நின்ற பையனின் தாடைக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளிதான். அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. நீ கேரவனைக் கழற்றும்போது பிள்ளைகள் உள்ளே, அதுவும் பின்கட்டிலில், இருக்கவே கூடாது.

இப்போது செய்ய வேண்டியது. சைக்கிளை அங்கிருந்து எடுத்துவிடு. கனமான சாமானெல்லாம் தரையோடு தரையாக, அச்சை ஒட்டி வை. மேல் அலமாரியில் துணிமணி, பிளாஸ்டிக் தட்டு மட்டும். பின்னால் கனம் இருக்கிறதே என்று முன்னாலும் அதே அளவு ஏற்றிச் சரிக்கட்டலாம் என்று மாப்பிள்ளை சொன்னால் கேட்காதே. கொக்கியின் எடை சரியாக வந்துவிடும், ஆனால் இரண்டு முனையிலும் கனம் தொங்குகிற வண்டி ஒருமுறை ஆட ஆரம்பித்தால் லேசில் நிற்காது.

அப்புறம் எடை மேடைக்குப் போ. கேரவனைக் கழற்றித் தனியாக ஒருமுறை எடை போடு, பிறகு காரில் மாட்டி கேரவன் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கியின் கனம். டயர் காற்றையும் அன்றைக்கே பார்த்துவிடு.

ஆடிக்காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கம் வைக்கோல் வண்டி எப்படித் திணறும் என்று நீயே பார்த்திருக்கிறாய். பெரிய லாரி தாண்டும்போது கேரவனுக்கும் அந்தத் தள்ளு விழும். ஆடினால் காரின் பிரேக்கை மிதிக்காதே, ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாதே, வேகத்தைக் கூட்டி நேராக்கலாம் என்றும் பார்க்காதே. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு, ஸ்டியரிங்கை நேராகப் பிடி, டாஷ்போர்டில் கேரவன் பிரேக்குக்கென்று இருக்கிற பட்டனைக் கையால் மெதுவாக அமுக்கு. பின்னால் இழுத்துப் பிடித்தால் வண்டி தானாக நேராகும். அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொடும் அளவுக்கு மாப்பிள்ளையும் நீயும் பழகிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை கிளம்புவதாகச் சொன்னாய். வெள்ளிக்கிழமைக்குள் எடை மேடைச் சீட்டு இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பு, கணக்கை நானும் ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன். சரியாக வரவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப் போடு, அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா