வாசற்படியிலேயே தோற்கும் வாக்கு: பொதுச்சபை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானிய நாடாளுமன்றத்தின் பொதுச்சபை மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு தொகுதியிலும் அதிக வாக்குப் பெறும் ஒருவரே வெல்லும் இன்றைய பொதுத் தேர்தல் முறையை ஆராய ஒரு சுயாதீன ஆணைக்குழுவை அமைக்குமாறு கோரி, நானும் அயலவர் சிலரும் எமது தொகுதியின் உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தோம். சென்ற மாதம் அதற்குப் பதில் வந்தது. எழுதியமைக்கு நன்றி, தேர்தல் முறையை மாற்றும் எண்ணம் அரசுக்கு இல்லை, வேறு உதவி தேவைப்பட்டால் தொடர்புகொள்ளவும் என்று மூன்றே வரிகள். அந்த வரிகளின் மரியாதையில் எனக்குக் குறையில்லை. ஆனால் நாங்கள் கேட்டது ஆராயும்படி. மாற்ற மாட்டோம் என்று பதில் வந்தால், கடிதத்தை யாரும் வாசிக்கவில்லை என்றுதான் எண்ணத் தோன்றுகிறது. எனவே அதே கோரிக்கையை உங்கள் அனைவர் முன்னிலையிலும் வைக்கிறேன்: ஓர் ஆணைக்குழுவை அமையுங்கள்.

2024 ஜூலை 4ஆம் திகதி வந்த முடிவுகளை நான் உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவற்றின் பயனாகத்தான் நீங்கள் அந்த இருக்கைகளில் அமர்ந்திருக்கிறீர்கள். அந்த முடிவுகள் வருவதற்கு முந்தைய நான்கு வாரங்களில் ஒரு சிறிய கட்சியின் வேட்பாளருக்காக நான் வீடு வீடாக நடந்தபோது கண்டதைச் சொல்லவே விரும்புகிறேன்.

எங்கள் வேட்பாளர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே பகுதியில் தாதியாகப் பணியாற்றியவர். வேட்புமனுவுக்குப் பத்து வாக்காளர்களின் கையொப்பம் ஒரே மாலையில் கிடைத்துவிட்டது. கட்டுப்பணமான 500 பவுணை ஒரு சனிக்கிழமை தேவாலய மண்டபத்தில் அப்பமும் வடையும் விற்றுச் சேர்த்தோம். ஒவ்வொரு வாக்காளருக்கும் ஒரு துண்டுப்பிரசுரத்தைத் தபாலில் இலவசமாக அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அச்சுக்கூலி நம்முடையது. தொகுதி முழுவதற்கும் அச்சிடப் பணம் போதாததால் பாதிக்கு மட்டுமே அச்சிட்டு, மீதிப் பாதிக்குக் கால்நடையாகப் போனோம்.

அந்த நடையில் யாரும் எங்களை விரட்டவில்லை. அதுதான் என்னை இன்றுவரை வருத்துகிறது. கதவைத் திறந்த முதியவர் ஒருவர், எங்கள் ஊர்க்காரர், வேட்பாளரின் படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இந்தப் பிள்ளைதான் என்ர மனுசிக்கு ஊசி போட வாறவ, தங்கமான பிள்ளை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா தம்பி, குறை நினைக்காதேங்கோ, வெல்லாத ஆளுக்குப் போட்டு வாக்கை வீணாக்கேலாது. மற்றவன் வந்திடுவான்" என்றார். அடுத்த வீட்டிலும் அதே பதில். எதிர்ச்சாரியிலிருந்த வங்காளக் குடும்பத்திலும், மூலையில் தனியாக வாழ்ந்த ஆங்கிலேய மூதாட்டியிடமும், வேறு சொற்களில் அதே பதில். பெரிய கட்சி ஒன்றின் துண்டுப்பிரசுரம் எங்களுக்கு முன்பே அந்த வாசல்களைக் கடந்திருந்தது. "இங்கே எங்களால் மட்டுமே வெல்ல முடியும்" என்று உயர்ந்தும் தாழ்ந்தும் நிற்கும் பட்டைகளால் வரைந்து காட்டியிருந்தார்கள். அதில் எங்கள் கட்சிக்கு ஒரு விரற்கடை உயரம்.

முடிவு வந்தபோது எங்கள் வேட்பாளருக்கு ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வாக்குகளே கிடைத்தன, அதனால் கட்டுப்பணம் பறிபோயிற்று. மறுநாள் காலை அவர் வழமைபோல் வேலைக்குப் போனார். 500 பவுண் பெரிய தொகையல்ல என்று நீங்கள் சொல்லலாம். 1918இல் 150 பவுணாகத் தொடங்கி 1985இல் 500 ஆக்கப்பட்ட இந்தப் பணம், விளையாட்டாகப் போட்டியிடுவோரைத் தடுப்பதற்கென வந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் விளையாட்டாகப் போட்டியிடவில்லை. அவரை விரும்பியவர்களே அவருக்கு வாக்களிக்கவில்லை. வெல்ல மாட்டார் என்று எல்லோரும் நினைத்ததாலேயே அவர் வெல்லவில்லை. இனி அடுத்த தேர்தலில், கட்டுப்பணம் இழந்தவர் என்ற ஒரு வரி அவருக்கு எதிரான துண்டுப்பிரசுரத்தில் சேரும்.

அதே ஆண்டு மே 2ஆம் திகதி, இதே வாக்குச்சாவடியில், லண்டன் நகரசபைத் தேர்தலுக்காக என் தாயார் மூன்று சீட்டுகளைப் பெற்றார். செம்மஞ்சள் நிறச் சீட்டு கட்சிகளின் பட்டியலுக்கு உரியது. லண்டன் முழுவதும் சேரும் வாக்குகளின் விகிதப்படியே மேலதிக ஆசனங்கள் பகிரப்படுகின்றன. அதில் அவர் தயங்காமல் ஒரு சிறிய கட்சிக்கு வாக்களித்தார். பசுமைக் கட்சிக்கு அச்சபையில் மூன்று உறுப்பினர்களும் தாராளவாத ஜனநாயகக் கட்சிக்கு இருவரும் ரிஃபோம் யூகே கட்சிக்கு ஒருவரும் கிடைத்தது பெருமளவில் அந்தச் செம்மஞ்சள் சீட்டினால்தான். இரண்டு மாதங்களில் அதே தாயார், அதே பென்சிலால், தாம் விரும்பாத ஒரு கட்சிக்கு நேரே புள்ளடி இட்டுவிட்டு வெளியே வந்தார். யாழ்ப்பாணத்தில் கட்சிக்கு ஒரு வாக்கும் வேட்பாளர்களுக்கு மூன்று விருப்பு வாக்குகளும் போட்டுப் பழகியவர் அவர். "இஞ்ச விருப்பு வாக்கு இல்லையோ?" என்று என்னிடம் கேட்டார். இல்லை அம்மா என்றேன். வேறு என்ன சொல்வது?

சிறிய கட்சிகளால் பெரிய கட்சிகளை எதிர்கொள்ள முடியுமா என்ற கேள்வி தொலைக்காட்சி விவாதங்களில் ஓயாமல் எழுகிறது. மக்களைக் கேட்டால் முடியும் என்றே விடை வருகிறது. 1951இல் வாக்களித்த நூறு பேரில் ஏறத்தாழ 97 பேர் தொழிற்கட்சி, பழமைவாதக் கட்சி என்ற இரண்டு பெரிய கட்சிகளுக்கே வாக்களித்தார்கள். 2024இல் அது 57 பேராகச் சுருங்கிவிட்டது. மக்கள் நகர்ந்துவிட்டார்கள், எண்ணும் முறை மட்டும் நகரவில்லை. 1989 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பசுமைக் கட்சி 22 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்று ஓர் ஆசனமும் இன்றித் திரும்பியது. 1983 பொதுத் தேர்தலில் 25 சதவீத வாக்குகள் பெற்ற லிபரல், சமூக ஜனநாயகக் கூட்டணிக்கு 23 ஆசனங்கள். அதைவிடச் சில புள்ளிகளே கூடுதலாகப் பெற்ற தொழிற்கட்சிக்கு 209. 2015இல், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகக் கோரிய யூகிப் கட்சியின் 38 இலட்சம் வாக்குகளுக்கு ஒரே ஓர் ஆசனம் கிடைத்தபோது, ஸ்கொட்லாந்தில் மட்டும் போட்டியிட்ட தேசியக் கட்சியின் 14 இலட்சத்துச் சொச்சம் வாக்குகளுக்கு 56 ஆசனங்கள் கிடைத்தன. ஓரிடத்தில் குவிந்து வாழ்வோரின் கட்சிக்கு இந்த முறை வாரி வழங்குகிறது. நாடெங்கும் பரந்து வாழ்வோரின் கட்சியை அது அழிக்கிறது. பணத்திலும் அதே கதைதான். எதிர்க்கட்சிகளுக்கு நாடாளுமன்றம் வழங்கும் நிதி, இரண்டு உறுப்பினர்களேனும், அல்லது ஓர் உறுப்பினரும் ஒன்றரை இலட்சம் வாக்குகளும் உள்ள கட்சிகளுக்கே உரியது. உறுப்பினரே இல்லாத கட்சிக்கு எத்தனை இலட்சம் வாக்குகள் விழுந்தாலும் ஒரு பென்ஸும் கிடையாது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2024இல் இந்த முறையால் அதிகம் இழந்தது ரிஃபோம் யூகே கட்சி. 41 இலட்சம் வாக்குகள், 14 சதவீதத்துக்கும் மேல், ஆனால் ஐந்து ஆசனங்கள். குடிவரவு பற்றி அக்கட்சி பேசும் பேச்சு, அகதியாக இந்த மண்ணுக்கு வந்த என்னையும் என் பிள்ளைகளையும் நோகச் செய்கிறது. அவர்களுக்கு நான் ஒருபோதும் வாக்களிக்கப் போவதில்லை. ஆயினும் அந்த 41 இலட்சம் பேரும் என்னைப் போன்ற வாக்காளர்களே. அவர்களுக்கு உரிய ஆசனங்களை மறுத்து எனக்குப் பாதுகாப்பு வேண்டாம். அது பாதுகாப்பும் அல்ல. போட்டியிடும் பெரிய கட்சிகள் ஐந்தாகிவிட்ட பிறகு இந்த முறை யாருக்கும் மதிலாக நிற்காது. 2024இல் தென்மேற்கு நோர்ஃபோக் தொகுதி 26.7 சதவீத வாக்குகளுடன் கைமாறியது. 2025 மே மாதம் மேற்கு இங்கிலாந்தின் பிராந்திய மேயர் பதவி வெறும் 25 சதவீத வாக்குகளுக்குக் கிடைத்தது. அதே நாளில் ரங்கோர்ன்-ஹெல்ஸ்பி தொகுதி இடைத்தேர்தலில் ஆறே வாக்குகளால் ரிஃபோம் யூகே வென்றது. நேற்றுவரை வெளியே தள்ளப்பட்ட கட்சி, முப்பது சதவீதத்தைத் தொட்டதும் முழு அதிகாரத்தோடு உள்ளே வரக்கூடும். 2024இல் தொழிற்கட்சிக்கு 33.7 சதவீத வாக்குகளுக்கு 411 ஆசனங்களைத் தந்த முறை, நாளை வேறொருவருக்கும் அதையே தரும்.

அப்படி ஒரு நாள் வந்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் தலைமுறை கண்டிருக்கிறது. இலங்கைக்கு இந்தத் தொகுதி முறை உங்கள் ஆட்சிக்காலத்திலேயே வந்து சேர்ந்தது. 1970இல் வேறெந்தக் கட்சியையும்விட அதிக வாக்குகள் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி 17 ஆசனங்களோடு சுருங்க, எதிரணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையைத் தாண்டியது. 1977இல் அதே ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழப் பாதி வாக்குகளைக் கொண்டு 168 ஆசனங்களில் 140ஐ அள்ளியது. அத்தேர்தலில் முப்பது சதவீதத்தை அண்மித்த சுதந்திரக் கட்சிக்கு எட்டே ஆசனங்கள். ஏழு சதவீதத்தையும் எட்டாத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. எங்கள் தலைவர் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். நாங்கள் வடக்கிலும் கிழக்கிலும் செறிந்து வாழ்ந்ததால் கிடைத்த கணக்கு அது. அன்று நாங்கள் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஊதிப்பெருத்த பெரும்பான்மைகள்தான் 1972இலும் 1978இலும் எங்களைக் கேளாமல் இரண்டு அரசியலமைப்புகளை எழுதின. 1978இல் எங்கள் 18 பேரால் ஒரு வரியைக்கூடத் தடுக்க முடியவில்லை. பிரித்தானியாவும் இலங்கையும் ஒன்றல்ல என்று நீங்கள் சொல்வீர்கள், உண்மைதான். ஆனால் எழுதப்பட்ட அரசியலமைப்பே இல்லாத இந்த நாட்டில் பொதுச்சபையின் பெரும்பான்மைக்கு இருக்கும் பலத்தை நினைக்கையில், எனக்கு இங்கேயே அச்சம் அதிகம்.

தொகுதிக்கும் உறுப்பினருக்கும் உள்ள உறவு அறுந்துவிடும் என்பார்கள். ஸ்கொட்லாந்து நாடாளுமன்றத்தில் 1999 முதல் தொகுதி உறுப்பினர்களும் இருக்கிறார்கள், வாக்குகளின் விகிதப்படி ஆசனங்களைப் பகிரும் விகிதாசாரமும் இருக்கிறது. உறுதியான ஆட்சி போய்விடும் என்பார்கள். 2016இலிருந்து 2024 வரை டவுனிங் வீதியில் ஆறு பிரதமர்களைப் பார்த்த மக்களிடம் அந்த வாதத்தைச் சொல்வதற்கு மனம் எப்படி வருகிறதோ தெரியவில்லை. 2011 பொதுவாக்கெடுப்பில் மாற்றம் வேண்டாமென மக்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள் என்பதும் சரியல்ல. அன்று முன்வைக்கப்பட்ட, வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தும் மாற்று வாக்கு முறை விகிதாசார முறையே அல்ல. விகிதாசாரம் வேண்டுமா என்று இந்நாட்டு மக்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

கேட்பதாக வாக்குறுதி தந்திருக்கிறார்கள். 1997இல் தொழிற்கட்சி தன் தேர்தல் அறிக்கையில் பொதுவாக்கெடுப்பு நடத்துவதாகச் சொல்லி வென்றது. ரோய் ஜென்கின்ஸ் தலைமையிலான ஆணைக்குழு 1998இல் அறிக்கையும் கொடுத்தது. பொதுவாக்கெடுப்பு நடக்கவில்லை. 2022இல் லிவர்பூலில் கூடிய அதே கட்சியின் மாநாடு விகிதாசார முறையை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 தேர்தல் அறிக்கையில் அதைக் காணவில்லை. 2024 டிசம்பர் 3ஆம் திகதி, விகிதாசார முறைக்கான ஒரு சட்டமூலத்தை அறிமுகப்படுத்த உங்கள் சபையே 138க்கு 136 என்ற வாக்குகளால் அனுமதி அளித்தது. அன்றிரவு அந்தச் செய்தியை என் தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். அதன்பின் அந்தச் சட்டமூலம் சட்டமாகவில்லை. எதிர்க்கட்சியில் இருக்கும்போது அநீதியாகத் தெரிவது ஆளுங்கட்சி இருக்கையில் அமர்ந்ததும் ஏன் அப்படித் தெரியாமல் போகிறது? 16 வயதினருக்கும் வாக்குரிமை தரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள், அதை வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் முதன்முதலாக வாக்குச்சாவடிக்குப் போகும் நாளில், நீ விரும்புகிறவருக்குப் போடாதே, வெல்லக்கூடியவருக்குப் போடு என்று பெற்றோர் நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு நாக் கூசுகிறது.

கோபத்தில் சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேனாயின் பொறுத்தருளுங்கள். என் கோரிக்கை சிறியது. எந்த முறை நல்லது என்று தீர்மானிக்கும்படி உங்களைக் கேட்கவில்லை. தங்கள் பதவியே சம்பந்தப்பட்ட ஒன்றை உறுப்பினர்கள் நடுநிலையாக எடைபோடுவது கடினம் என்பதை நான் அறிவேன். அதனாலேயே கேட்கிறேன்: கட்சிகளின் பிடிக்கு வெளியே, சாதாரண வாக்காளர்களின் சாட்சியங்களையும் கேட்கக்கூடிய ஒரு சுயாதீன ஆணைக்குழுவை இந்த ஆண்டுக்குள் அமையுங்கள். அடுத்த பொதுத் தேர்தலுக்கு முன் அதன் அறிக்கை மக்கள் முன் வரும்படி காலக்கெடு விதியுங்கள். ஜென்கின்ஸ் அறிக்கைக்கு நேர்ந்தது அதற்கும் நேராதிருக்க, அதன் பரிந்துரையைச் சபையில் வாக்கெடுப்புக்கு விடுவதாக முன்கூட்டியே உறுதி கூறுங்கள்.

அந்த ஆணைக்குழு எங்கள் பகுதியில் ஒரு நாள் அமருமானால், அந்தத் தாதியையும், அவருக்கு வாக்களிக்க விரும்பியும் வாக்களிக்காத அந்த முதியவரையும் நானே அழைத்து வருகிறேன். எமது கடிதத்துக்கு வந்த மூன்று வரிப் பதிலையும் எடுத்து வருகிறேன்.

பணிவுடனும் உங்கள் பதிலை எதிர்பார்த்தும்,

வடமேற்கு லண்டனில் வாழும் ஒரு வாக்காளர்