ஓட்டு ஒருவருக்கு, பிரதிநிதிகள் இன்னொருவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க அதிபர் தேர்தல் வந்தாலே, அயோவா மாநில காக்கஸில் (கட்சியினர் ஊர்தோறும் நேரில் கூடித் தங்கள் அதிபர் வேட்பாளருக்கு ஆதரவு சொல்லும் கூட்டத்தில்) யார் முதலிடம் என்பதுதான் நம் பத்திரிகைகளில் தலைப்புச் செய்தி. ஆனால் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள் கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகள்.

2012-இல் குடியரசுக் கட்சியின் அயோவா காக்கஸில் மிட் ராம்னி 8 ஓட்டில் ஜெயித்ததாக முதலில் அறிவித்தார்கள். அப்புறம் ரிக் சான்டோரம்தான் 34 ஓட்டு முன்னிலை என்று திருத்தினார்கள். ரான் பால் மூன்றாமிடம். ஆனால் தேசிய மாநாட்டில் அயோவாவின் 28 பிரதிநிதிகளில் 22 பேர் ரான் பாலுக்கே வாக்களித்தார்கள்! அன்றிரவு விழுந்த ஓட்டு பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்தவில்லை என்பதே காரணம். அவருடைய ஆதரவாளர்கள் கூட்டம் முடியும்வரை இருந்து, கவுன்டி (மாவட்டம் போன்ற பகுதி) மாநாடு, மாநில மாநாடு என்று படிப்படியாகத் தங்கள் ஆட்களை அனுப்பினார்கள். ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்களுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

ஜனநாயகக் கட்சியில் கணக்கு வேறு. 2020-இல் அயோவாவில் அக்கட்சியினர் வேட்பாளர்வாரியாக அணி பிரிந்தார்கள்; பெரும்பாலான கூட்டங்களில், வந்தவர்களில் 15 சதவீதம் பேர் சேராத அணியினர் வேறு அணிக்கு மாற முடிந்தது. பெர்னி சாண்டர்ஸுக்கு ஓட்டு அதிகம். பிரதிநிதிகளோ பீட் புட்டிஜெஜுக்கு 14, சாண்டர்ஸுக்கு 12.

விதிப்படிதான் நடந்தது, சரி. ஆனாலும் குளிர்கால இரவில் நேரில் வரமுடியாத இரவுப்பணிச் செவிலியரையும் முதியவரையும் ஒதுக்கிய அந்த முறை நியாயமானதென்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த முறை ஓட்டுக் கணக்கோடு பிரதிநிதிகள் கணக்கையும் தயவுசெய்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி