போனில் ஓடும் ஏசி, போனில் ஓடும் கீசர்: வாங்கும் முன் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மாசி முடிந்து வெயில் ஏற ஆரம்பித்தாலே தருமபுரியில் ஏசி விசாரணை சூடுபிடித்துவிடும். இப்போதெல்லாம் விலை, ஸ்டார் கேட்ட கையோடு அடுத்த கேள்வியும் வந்துவிடுகிறது: "போன்ல இருந்து ஓட்டுற மாதிரி இருக்கா?" இருக்கிறது, நாங்களும் விற்கிறோம். ஆனால் அதற்காகச் சில ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாமா என்பது வீட்டுக்கு வீடு மாறும். கடையில் கூட்டத்துக்கு நடுவே அதை நின்று நிதானமாகச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கி வரும் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். வீட்டு வெப்பத்தைப் பார்த்து ஏசியையும் ஹீட்டரையும் தானே ஓட்டி நிறுத்தும், சுவரில் பொருத்தும் வட்டமான ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் அது. அமெரிக்காவில் பெரும்பாலும் வீடு முழுவதற்கும் ஒரே ஹீட்டர், ஒரே ஏசி இருக்கும். அதை இயக்க 24 வோல்ட் கட்டுப்பாட்டு ஒயர் சுவருக்குள் ஓடும். இந்தத் தெர்மோஸ்டாட் அந்த ஒயருக்காகச் செய்தது. நம் வீடுகளில் ரூமுக்கு ஒரு ஸ்பிளிட் ஏசி, பாத்ரூமுக்கு ஒரு கீசர், ஒவ்வொன்றுக்கும் உள்ளேயே அதனதன் தெர்மோஸ்டாட். ஆசையாக வாங்கி வந்ததை மாட்டித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். நம்முடைய சாதாரண ஸ்பிளிட் ஏசியில் அதை மாட்ட வழியில்லை. 230 வோல்ட் லைனில் கொடுத்தால் பொருளும் போய்விடும், ஆளுக்கும் ஆபத்து. தயவுசெய்து யாரும் முயன்று பார்க்காதீர்கள்.

நம் ஊருக்குப் பொருந்துவது மூன்று வகை. வைஃபை உள்ளேயே வைத்து வரும் ஏசி அல்லது கீசர். பழைய ஏசிக்கு ரிமோட் வேலையைச் செய்யும் சின்ன ஐ.ஆர். பெட்டி, கீசருக்குப் போனிலிருந்தே கரன்டை ஆன் ஆஃப் செய்யும் ஸ்மார்ட் பிளக்.

கரன்ட் மிச்சமாகும் என்று நினைத்துத்தான் பலர் கேட்கிறார்கள். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். மிச்சம் ஆப்பில் இல்லை, டெம்பரேச்சரில் இருக்கிறது. மத்திய அரசின் பி.இ.இ., அதாவது ஸ்டார் லேபிள் கொடுக்கும் எரிசக்தித் திறன் பணியகம், ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் குறையும் என்கிறது. 20-ல் ஓட்டுகிறவர் 24-க்கு வந்தால் கிட்டத்தட்ட கால்வாசி. 2020 ஜனவரி 1 முதல் ஸ்டார் லேபிள் உள்ள ரூம் ஏசிகள் போட்டவுடன் 24-ல் நிற்க வேண்டும் என்று விதி வந்ததும் இதனால்தான். 26-ல் வைத்து ஃபேனையும் மெதுவாகச் சுற்றவிட்டால் தூக்கம் கெடாது. இதற்குப் போனும் வேண்டாம், வைஃபையும் வேண்டாம், பெட்டியோடு வரும் ரிமோட் போதும். மேல்மாடி ரூமில் மேற்குச் சுவர் வெயில் வாங்குகிறது, ஜன்னலுக்குத் திரை இல்லை, கதவடியில் இடைவெளி என்றால் ஆப்புக்குக் கொடுக்கும் பணத்தை முதலில் அங்கே செலவழியுங்கள்.

ஆப்பால் உண்மையான லாபம் ஒன்று உண்டு. நமக்குக் கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. யூனிட் ஏற ஏற, யூனிட்டின் விலையும் ஏறுகிற அடுக்கு முறை. ரீடிங் எடுத்த பிறகு தெரிந்து பயனில்லை. இன்றைக்கு ஏசி எவ்வளவு இழுத்தது என்று தினமும் காட்டும் ஆப் இருந்தால் முதல் மாதத்திலேயே சுதாரித்துக்கொள்ளலாம். எல்லா மாடலிலும் இந்த வசதி கிடையாது, சிலவற்றில் வருவது மதிப்பீடுதான். வாங்கும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள்.

பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வாரக் கடைசியில் வருகிறவர்கள், கிருஷ்ணகிரி தாண்டும்போதே ஏசியைப் போட்டுவிடலாமே என்கிறார்கள். போடலாம். ஆனால் அளவான ரூமை இன்வெர்ட்டர் ஏசி கொஞ்ச நேரத்திலேயே குளிர்த்துவிடும். அதற்காக ஆளில்லா வீட்டில் முக்கால் மணி நேரம் ஓடவிடுவது வீண். இதை ஒரு காரணமாக வைத்து வாங்காதீர்கள் என்றே சொல்வோம்.

கீசர் கதை வேறு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் வெந்நீர் இல்லாமல் முடியாது. 15 லிட்டர், 2000 வாட் கீசரில் 20 டிகிரித் தண்ணீர் 50-க்கு வர கால் மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகும், அரை யூனிட் போல ஆகும். ஐந்தரைக்கு ஷிப்டு பஸ் பிடிப்பவர் அஞ்சு மணிக்குக் குளிக்க வேண்டுமானால் நாலே முக்காலுக்குத் தானாக ஆன் ஆகி, அஞ்சேகாலுக்குத் தானாக ஆஃப் ஆவது பெரிய உதவி. மறந்துபோய் நாள் முழுக்க ஆனிலேயே விட்டுவிட்டுப் போகும் வீடுகளுக்கு மனநிம்மதி. போன் கட்டுப்பாடு நம் மாவட்டங்களில் கொடுத்த காசுக்கு வேலை செய்வது கீசரில்தான் என்பது எங்கள் கருத்து.

ஆனால் பிளக் விஷயத்தில் உயிர்ப்பயம் இருக்கிறது. 2000 வாட் என்றால் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு, 3000 வாட் என்றால் 13. ஆன்லைனில் மலிவாக வருகிற 6 ஆம்பியர், 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்குகள் விளக்குக்கும் டிவிக்கும்தான். பாலக்கோடு பக்கம் ஒரு வீட்டில் கீசர் வேலை செய்யவில்லை என்று எங்கள் பையன் போய்ப் பார்த்தான். பிளக்கை இழுத்தால் வரவில்லை. எம்சிபியை இறக்கிவிட்டு ஆட்டி ஆட்டி எடுத்தபோது ஒரு துளையைச் சுற்றி பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறி, பின்னோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆப்பில் மட்டும் எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. கீசருக்கு 16 ஆம்பியர் பிளக், ஐ.எஸ்.ஐ. முத்திரை, தனி லைன், சரியான எர்த். இதில் ஒன்று குறைந்தாலும் நாங்கள் மாட்டித் தரமாட்டோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏசிக்கு ஸ்மார்ட் பிளக் வைத்து வெட்டி வெட்டி ஆன் ஆஃப் செய்வதும் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசரை மெயினில் நிறுத்தி நிறுத்திப் போடுவது அதற்குக் கெடுதல். இன்னொன்று, நம் பக்கத்து போர்த் தண்ணீர் உப்பு. கீசர் காயிலில் உப்பு படிவதை எந்த ஆப்பும் சொல்லாது, வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும்.

ஐ.ஆர். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஏசியிடம் பேசும், ஏசி திரும்பிப் பேசாது. நடுவில் திரையோ பீரோவோ மறைத்து சிக்னல் போகாவிட்டாலும் போனில் "ஆஃப்" என்றே காட்டும், ஏசி ஓடிக்கொண்டிருக்கும். வெளியூரிலிருந்து அணைத்துவிட்டோம் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளைப் பற்றித்தான் எங்களுக்கு அதிகக் கவலை. பிள்ளைகள் பாசத்தில் செய்வதுதான், இல்லை என்று சொல்லவில்லை. போன கோடையில் ஒரு பெரியவர் கடைக்கு வந்து, "ஏம்பா, ராத்திரி நான் 27 வெச்சுட்டுப் படுத்தா, பையன் அங்கிருந்து 23 ஆக்கிடறான். போர்வைக்குள்ள நடுங்கிட்டுக் கெடக்கறேன். இந்த வைஃபையைப் புடுங்கி விட்டுடறியா?" என்று கேட்டார். மகனுக்குப் போன் போட்டுப் பேசி, இரவில் டெம்பரேச்சரை அப்பாவிடமே விட்டுவிடச் சொன்னோம். அவரும் புரிந்துகொண்டார். தம்பி தங்கைகளுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான்: அம்மா அப்பா வீட்டில் ரிமோட் அவர்கள் கட்டிலருகே இருக்கட்டும், பெரிய எழுத்து ரிமோட்டாக இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், மாற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது: பெரும்பாலான வைஃபை ஏசிகளும் பிளக்குகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசை வைஃபையில் மட்டுமே சேரும். ரவுட்டர் பாஸ்வேர்டை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து இணைக்க வேண்டும். நெட் போனால் பெரும்பாலும் வெளியூரிலிருந்து எதுவும் செய்ய முடியாது, வீட்டு ரிமோட் மட்டும் வேலை செய்யும். ஆப்பில் கணக்கைத் திறப்பது உங்கள் சொந்த நம்பரில், சொந்த மெயிலில்தான் இருக்க வேண்டும். மெக்கானிக் அவசரத்துக்குத் தன் போனில் திறந்துவிட்டுப் போனால் உங்கள் வீட்டுச் சாவி அவரிடம் இருக்கிறது என்று பொருள். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது ரீசெட் செய்துவிடுங்கள். ஆப் லொக்கேஷன் கேட்டால், வீட்டை நெருங்கும்போது தானாக ஆன் ஆகும் வசதி வேண்டுமென்றால் மட்டும் "எப்போதும்" என்ற அனுமதியைக் கொடுங்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரம் எது என்பது வெளியே போகக் கூடாத தகவல்.

கடைசியாக, ஆயுள். இப்போது கூகுளிடம் இருக்கும் நெஸ்ட் தெர்மோஸ்டாட் 2011-ல் வந்து உலகமே பேசியது. அந்த முதல் மாடலுக்கும் 2012-ல் வந்த இரண்டாவது மாடலுக்கும் 2025 அக்டோபர் 25-ஆம் தேதியோடு ஆப் தொடர்பை நிறுத்திவிட்டார்கள். சுவரில் கையால் திருப்பினால் இன்றும் வேலை செய்யும், போனில் முடியாது. நல்ல ஏசி பத்து வருஷத்துக்கு மேல் உழைக்கும், அதன் ஆப் அவ்வளவு நாள் இருக்கும் என்று எந்தக் கம்பெனியும் எங்களிடம் எழுதிக் கொடுத்ததில்லை. அதனால் ரிமோட்டோ பட்டனோ இல்லாமல் ஆப்பை மட்டுமே நம்பி ஓடும் எதையும் நாங்கள் கடையில் வைப்பதில்லை.

கடைக்கு வரும்போது ரூமின் நீள அகலம், எந்தத் திசைச் சுவர் வெயில் வாங்குகிறது, கடைசி இரண்டு கரன்ட் பில், ரவுட்டர் எந்த ரூமில் இருக்கிறது, இவ்வளவும் குறித்து வாருங்கள். ஸ்மார்ட் பிளக் ஏற்கெனவே வாங்கி மாட்டியிருந்தால் அதன் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து வாருங்கள். எத்தனை ஆம்பியர் என்று பார்த்துச் சொல்கிறோம், எங்களிடம் வாங்காததாக இருந்தாலும் சரி.

அன்புடன்,
கடை உரிமையாளரும் சர்வீஸ் பிரிவினரும்
தருமபுரி