சங்கத்து நோட்டீஸ் போர்டுக்கு ஒரு சோதனை

கன்னங்குறிச்சி சாலைப் பக்கம் உள்ள எங்கள் நகரின் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். போன மாதக் கூட்டத்துக்குக் கல்லூரிப் பிள்ளைகளை வரவழைத்து, உள்மனதில் ஒளிந்திருக்கும் நிற ஓரவஞ்சனையைக் காட்டும் சோதனையை நடத்தினீர்கள். குப்பை வண்டியையும் தெருவிளக்கையும் தாண்டிப் பேசாத சங்கம் இதைச் செய்ததே பெரிது.

வராதவர்களுக்காகச் சொல்கிறேன். செல்போன் திரையில் வெளுத்த முகம், கறுத்த முகம், நல்ல சொல், கெட்ட சொல் என மாறி மாறி வரும். வெளுத்த முகத்துக்கும் நல்ல சொல்லுக்கும் ஒரே பொத்தான் என்றால் விரல் பறக்கிறது. கறுத்த முகத்துக்கும் நல்ல சொல்லுக்கும் ஒரே பொத்தான் என்றால் தடுமாறுகிறது. அந்த மில்லிசெகண்ட் வித்தியாசம்தான் மதிப்பெண். 1998-இல் அமெரிக்காவில் அறிமுகமான முறை இது. இதை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவரான மஹ்ஸரின் பனாஜி சிகந்தராபாத்தில் பிறந்தவர். தன் விரலும் தடுமாறியதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

நம் ஆட்களோ முதலில் சிரித்தார்கள். "நாமளே கறுப்பு, நமக்கென்ன சார் ஓரவஞ்சனை?" என்றார் ஒருவர். இன்னொருவர் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். "டைல்ஸ் போட வந்த பீகார் பையனுக்கு ரெண்டு வேளை சோறு போட்டேனே, எனக்கா இப்படிக் காட்டுது?" என்று ஓர் அம்மா கோபித்துக்கொண்டார். அவர் சோறு போட்டதும் உண்மை, விரல் தடுமாறியதும் உண்மை. ஒரு தம்பி மட்டும் 'நான் திருந்த வேண்டியவன்' என்று உருகி ஸ்டேட்டஸ் போட்டார். எனக்கென்னவோ அந்த அம்மாவின் கோபமே மேல் என்று பட்டது.

சோதனையைச் சந்தேகப்பட்டவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அதே ஆள் வேறொரு நாள் செய்தால் மதிப்பெண் மாறலாம். தனி ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது என்று அந்தத் துறையினரே ஒப்புக்கொள்கிறார்கள். அதனால் அடுத்த கூட்டத்தில் இரண்டாவது சுற்று வேண்டாம்.

அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்தில், தங்கள் இனத்தைச் சேராத ஆட்டக்காரர்களுக்கு நடுவர்கள் சற்றுக் கூடுதலாக ஃபவுல் கொடுக்கிறார்கள் என்ற ஆய்வு 2007-இல் பத்திரிகையில் வந்தது. லீக் அதை ஏற்கவில்லை. ஆனாலும் அடுத்து வந்த சீசன்களின் கணக்கைப் பார்த்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது. விஷயம் ஊருக்குத் தெரிந்ததே காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மனதுக்குள் என்ன மாறியதோ, விசில் மாறிவிட்டது.

நம் விசில் நோட்டீஸ் போர்டில் தொங்குகிறது: 'வடமாநிலத்தவருக்கு வீடு விடுவோர் சங்கத்தின் முன் அனுமதி பெற வேண்டும்.' வாட்ச்மேனும் கட்டட வேலைக்கு வரும் இந்திக்காரப் பையன்களிடம் மட்டும் ஆதார் நகல் கேட்கிறார். ஏற்காட்டுக்கு வழி தப்பி உள்ளே வரும் பெங்களூர் காரை மறிப்பதில்லை. வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடிப்பதாக 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவியபோது, நாமெல்லாம் அப்படிப்பட்டவர்களா என்று கொதித்தோம். கொதித்தது சரிதான். அப்போதும் அந்த நோட்டீஸ் அங்கேதான் இருந்தது.

அதைக் கழற்றுங்கள். ஆதார் கேட்பதென்றால் வருகிற எல்லோரிடமும் கேளுங்கள், இல்லையென்றால் யாரிடமும் வேண்டாம். அப்புறம், வீடு கேட்டு வந்தவர் யார், வாடகை எவ்வளவு சொன்னோம், இல்லை என்றால் என்ன காரணம் என்று ஒரு நோட்டில் எழுதி, மாதக் கூட்டத்தில் வாசியுங்கள். நோட்டை நானே வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
சந்தா பாக்கி இல்லாத ஓர் உறுப்பினர்